யார் மேலே, யாருக்குப் பணம்?

'தாம்பரம்' என்று பலகை மாட்டிய அரசுப் பேருந்தை ஜாவா தீவின் நெடுஞ்சாலையில் ஓட்டிப் பார்க்கலாம். கைப்பேசியில் 'பஸ் சிமுலேட்டர் இந்தோனேசியா' என்ற விளையாட்டு இருந்தால் போதும். இந்தோனேசியாவின் மலேயோ நிறுவனம் 2017இல் வெளியிட்ட இதை நம் பிள்ளைகள் 'பஸ்ஸிட்' என்று சுருக்கிச் சொல்கிறார்கள். விளையாட்டோடு வருவதெல்லாம் அந்த ஊர் வண்டிகள்தான். ஆனால் மலேயோ இரண்டு வழிகளைத் திறந்து வைத்தது. ஒரு படக்கோப்பை ஏற்றி வண்டியின் மேல்பூச்சை மாற்றிக்கொள்ளலாம். அதற்கு லிவரி என்று பெயர். முப்பரிமாண வண்டி ஒன்றையே புதிதாகச் செய்து உள்ளே கொண்டுவரவும் செய்யலாம். அது வாகன மாட். கேரளத்தின் சுற்றுலா வண்டிகளும் தமிழ்நாட்டின் அரசுப் பேருந்துகளும் ஆம்னி பஸ்களும் இந்த இரண்டு வழிகளில்தான் அந்த விளையாட்டுக்குள் போய்ச் சேர்ந்தன.

தென்சென்னைப் புறநகரில் இந்த ஆர்வம் வேர் பிடித்ததில் வியப்பில்லை. பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம், பெருங்களத்தூர் என்று ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டி வளரும் பிள்ளைக்குப் பேருந்து தினமும் கண்ணில் படும் பொருள். குரோம்பேட்டையில் மாநகரப் போக்குவரத்துக் கழகத்தின் பணிமனை இருக்கிறது. தென்மாவட்டங்களுக்குப் போகும் வண்டிகள் முன்பு தாம்பரத்தைத் தொட்டுப் போயின. 2023 டிசம்பர் 30 அன்று கிளாம்பாக்கம் முனையம் திறந்த பிறகு அங்கிருந்தே கிளம்புகின்றன. எந்த வண்டிக்கு எந்த ஊரில் கூடு கட்டினார்கள், ஜன்னல் கம்பி எத்தனை, ஹாரன் எப்படி ஒலிக்கும் என்று விரல்நுனியில் வைத்திருக்கும் பையன்கள் இங்கே உண்டு. அந்த அறிவை அவர்கள் கோப்புகளாக்குகிறார்கள்.

அந்தக் கோப்புகளை வெறும் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. பல்லவன் போக்குவரத்துக் கழகம் 1972இல் தொடங்கியது. அந்தப் பெயரோடு ஓடிய வண்டிகள் இன்று சாலையில் இல்லை. 2023இல் புறநகர்ப் பேருந்துகளுக்கு மஞ்சள் நிறம் வந்தது. அதற்கு முந்தைய நிறங்கள் ஒவ்வொன்றாக மறைகின்றன. பழைய கழிவு வண்டியை யாரும் அருங்காட்சியகத்தில் வைப்பதில்லை. முன்கண்ணாடியின் வளைவு, ஏணியின் இடம், உள்ளே எழுதிய திருக்குறள் பலகை இவற்றையெல்லாம் அளவு பார்த்துச் செய்து வைப்பவர் இந்த மாட் செய்பவர்தான். அவர் உழைப்புக்கு என்ன கிடைக்கிறது, அவர் செய்ததை மற்றவர்கள் எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்பதை ஆராய்வதே இக்கட்டுரை.

ஒரு வாகன மாட் உருவாவதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். முதலில் வண்டியை நான்கு பக்கமும் படம் எடுக்க வேண்டும். பிளெண்டர் என்ற இலவச மென்பொருளில் கூட்டை வடிக்க வேண்டும். கைப்பேசி தாங்கும் அளவுக்கு அதன் பரப்புகளைக் குறைக்க வேண்டும். விளக்கு, கதவு, சக்கரம் எல்லாவற்றையும் இடம் பார்த்துப் பொருத்தி, யூனிட்டி என்ற விளையாட்டு உருவாக்கும் மென்பொருள் வழியாக விளையாட்டு ஏற்கும் கோப்பாக மாற்ற வேண்டும். தனி ஆளாகச் செய்தால் வாரக்கணக்கில் ஆகும் வேலை. லிவரி அதைவிட எளிது, ஆனாலும் கைத்திறன் வேண்டும். கழகப் பெயரின் எழுத்து வடிவம் பிசகினால் பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும். முக்கியமான செய்தி என்னவென்றால், பெரும்பாலான வண்டிகள் ஒரே ஆளின் வேலையல்ல. இந்தோனேசியர் ஒருவர் செய்த அடிச்சட்டம், கேரளத்துப் பையன் மாற்றிய முகப்பு, நம் ஊர்ப் பிள்ளை சேர்த்த உட்புறம், அதன் மேல் இன்னொருவரின் லிவரி என்று கை மாறி மாறி வருவதுதான் வழக்கம்.

இதற்குப் பணம் எங்கிருந்து வருகிறது? மூன்று இடங்களிலிருந்து. முதலாவது யூடியூப். வண்டியை ஓட்டிக் காட்டும் காணொளி போட்டு, கீழே இறக்கும் இணைப்பைக் கொடுக்கிறார்கள். சுருக்கிய கோப்புக்குப் பாஸ்வேர்டு இருக்கும். அது காணொளியின் நடுவில் எங்கோ வரும். கோப்பு வேண்டுபவர் முழுக் காணொளியையும் பார்த்தாக வேண்டும். இரண்டாவது, விளம்பரப் பக்கங்களைத் தாண்டவைத்த பிறகே கோப்பிடம் கொண்டுபோகும் இணைப்புச் சுருக்கிகள். ஒவ்வொரு பக்கத்திலும் பொய்யான 'டவுன்லோடு' பொத்தான்கள் நிற்கும். பதின்மூன்று வயதுப் பிள்ளை எதை அழுத்தும் என்று சொல்ல முடியாது. மூன்றாவது 'பெய்ட் மாட்': வாட்ஸாப்பில் பேசி, யு.பி.ஐ.யில் பணம் வாங்கி, தனியாகக் கோப்பு அனுப்புவது.

மூன்றிலும் ஒரே கோளாறு. பணம் கோப்பைச் செய்தவரைத் தேடிப் போவதில்லை. கோப்பை அடையும் பாதையில் யார் நிற்கிறாரோ அவரிடம் போகிறது. யூடியூபில் விளம்பர வருமானம் பெற 1,000 சந்தாதாரர்களும் பன்னிரண்டு மாதத்தில் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும்; குறுங்காணொளி என்றால் 90 நாளில் ஒரு கோடிப் பார்வை. வருமானக் கணக்கு வைத்துக்கொள்ளப் பதினெட்டு வயது ஆகியிருக்க வேண்டும், இல்லையேல் பெரியவர் ஒருவர் கணக்கோடு சேர்க்க வேண்டும். வாரக்கணக்கில் உட்கார்ந்து வண்டி வடிக்கும் பள்ளி மாணவனுக்கு இதில் எதுவும் கைகூடாது. அவன் கோப்பை எடுத்து, பெயரை நீக்கி, தன் சேனலில் மறுபதிவேற்றும் ஒருவருக்கு எல்லாம் கைகூடும். 'கிரெடிட் கொடு' என்ற சண்டைதான் இந்த வட்டத்தில் அதிகம் காதில் விழுவது. அதன் அடியில் இருப்பது மானப்பிரச்சினை மட்டுமல்ல, கூலிப்பிரச்சினையும்கூட.

இந்தச் சிக்கலை முதலில் சந்தித்தவர்கள் நாமல்ல. 2015 ஏப்ரல் 23 அன்று வால்வ் நிறுவனம் ஸ்டீம் என்ற தன் விளையாட்டு விற்பனைத் தளத்தில் 'ஸ்கைரிம்' விளையாட்டின் மாட்களை விலைக்கு விற்க அனுமதித்தது. விலையில் செய்தவருக்கு 25 சதவீதம், வால்வுக்கு 30, விளையாட்டை வெளியிட்ட பெதஸ்டாவுக்கு 45. எதிர்ப்பு கிளம்பியது, நான்கே நாளில், ஏப்ரல் 27 அன்று, திட்டத்தைத் திரும்பப் பெற்றுப் பணத்தையும் திருப்பிக் கொடுத்தார்கள். 25 சதவீதம் போதாது என்ற கோபம் பரவலாக நினைவிருக்கிறது. எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. முதல் நாள் விற்பனைக்கு வந்தவற்றில் மீன்பிடி மாட் ஒன்று இருந்தது. அது இன்னொருவர் இலவசமாகக் கொடுத்திருந்த அசைவூட்டக் கருவியைச் சார்ந்து இயங்கியது. அவர் காசுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. மீன்பிடி மாட் விற்பனையிலிருந்து இறங்கியது. இலவசமாக இருந்தவரை ஒருவர் தோளில் ஒருவர் ஏறி நின்றது தோழமையாக இருந்தது. விலை வந்த அன்றே, கீழே நிற்பவருக்கு எவ்வளவு என்ற கேள்வியும் வந்துவிட்டது. அதற்கு அந்தத் திட்டத்தில் விடை எழுதப்படவில்லை.

அடுத்த முயற்சி நெக்சஸ் மாட்ஸ் தளத்தினுடையது. ராபின் ஸ்காட் என்ற ஆங்கிலேயர் 2001இல் 'மாரோவிண்ட்' விளையாட்டுக்காகத் தொடங்கிய ரசிகர் பக்கம், உலகின் பெரிய மாட் களஞ்சியங்களில் ஒன்றாக வளர்ந்தது. விளம்பரமும் கட்டண உறுப்பினர் சந்தாவும் அதன் வருமானம். 2018இல் அது ஒரு பொதுத் தொகுப்பை அறிமுகப்படுத்தியது. தளம் மாதாமாதம் ஒரு தொகையை ஒதுக்கும். விருப்பம் தெரிவித்த மாட் செய்பவர்களுக்கு இறக்கப்பட்ட எண்ணிக்கையின் விகிதத்தில் அது புள்ளிகளாகப் பிரியும். ஒரே ஆள் திரும்பத் திரும்ப இறக்கினாலும் ஒன்றாகத்தான் கணக்கு. 1,000 புள்ளிக்கு ஒரு டாலர். கோப்பு எல்லோருக்கும் இலவசமாகவே இருக்கும். ஸ்டீமின் விலைச்சீட்டைவிட இது எவ்வளவோ மேல் என்பதே என் கருத்து.

இருந்தும் இந்த முறையை அப்படியே பஸ்ஸிட் வட்டத்துக்குக் கொண்டுவர முடியாது. ஸ்கைரிமில் அடிப்படைக் கருவியைத் தனியாக இறக்க வேண்டும். அதனால் அதைச் செய்தவர் கணக்கிலும் எண்ணிக்கை ஏறும். பஸ்ஸிட்டில் அடிச்சட்டம் கோப்புக்குள்ளேயே கரைந்துவிடுகிறது. இறக்குபவர் ஒரே கோப்பை இறக்குகிறார். கடைசிக் கை யாருடையதோ அவருக்கு மட்டும் எண்ணிக்கை. இன்னொன்று, எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் வாரக்கணக்கான வேலையும் ஒரு மாலையில் முடிந்த பூச்சும் சமம். பிரபலமான ஆம்னி பஸ் ஒன்றின் லிவரி, பழைய பல்லவன் வண்டியைவிடப் பல மடங்கு இறங்கும்.

பொதுத் தொகுப்பிலேயே ஒரு அநீதி ஒளிந்திருக்கிறது. கணக்குப் போட்டே பார்க்கலாம். 100 உறுப்பினர்கள் ஆளுக்கு 10 ரூபாய் கட்டுகிறார்கள் என்று வையுங்கள், மொத்தம் 1,000. அதில் 10 பேர் ஓயாமல் இறக்குபவர்கள், ஆளுக்கு 90 லிவரி. மீதி 90 பேர் ஆளுக்கு ஒரே ஒரு கோப்பு, அந்தப் பழைய பல்லவன் வண்டியை மட்டும் இறக்குகிறார்கள். மொத்தம் 990 இறக்கம். விகிதப்படி பிரித்தால் பல்லவன் வண்டிக்குக் கிடைப்பது ஏறத்தாழ 91 ரூபாய். அந்த வண்டிக்காகவே வந்தவர்கள் கட்டிய தொகையோ 900 ரூபாய். ஒவ்வொருவர் பணமும் அவரவர் இறக்கியதற்கே போகட்டும் என்று மாற்றினால் 900 ரூபாயும் அந்த வண்டியைச் செய்தவருக்கே சேரும். இசைத்துறையில் இந்த வாதம் நெடுநாளாக நடக்கிறது. சவுண்ட்கிளவுட் நிறுவனம் 2021இல், ரசிகர் கட்டும் பணம் அவர் கேட்ட கலைஞருக்கே போகும் முறையை அறிமுகப்படுத்தியது. சின்னக் கூட்டம் ஆழமாக நேசிக்கும் படைப்புக்கு இந்த முறைதான் நியாயம் செய்கிறது. தமிழ் வண்டிகள் உலக அளவில் அப்படிப்பட்ட சின்னக் கூட்டத்தின் படைப்புகள்தாம்.

பணம் பாதிச் சிக்கல். மறுபாதி, யார் மேலே தெரிகிறார் என்பது.

மேத்யூ சால்கனிக், பீட்டர் டாட்ஸ், டங்கன் வாட்ஸ் ஆகியோர் 2006இல் 'சயன்ஸ்' இதழில் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். பெயர் தெரியாத குழுக்களின் 48 பாடல்கள்; பதினாலாயிரத்துக்கும் மேற்பட்ட பங்கேற்பாளர்கள். ஒரு பிரிவினருக்குப் பாடல்கள் மட்டும் தெரிந்தன. மற்றவர்களை எட்டு தனி உலகங்களாகப் பிரித்து, அந்தந்த உலகத்தில் எந்தப் பாடல் எத்தனை முறை இறக்கப்பட்டது என்ற எண்ணையும் காட்டினார்கள். எண் தெரிந்த உலகங்களில் ஏற்றத்தாழ்வு கூடியது. அதைவிட முக்கியம், ஒரு உலகத்தில் முதலிடம் பிடித்த பாடல் இன்னொன்றில் வெகு கீழே கிடந்தது. மிக நல்லவை படுமோசமாகத் தோற்பதும் மிக மோசமானவை வெல்வதும் அரிது. இடைப்பட்டவற்றுக்கு எது வேண்டுமானாலும் நடக்கலாம். தொடக்கத்தில் யார் கையில் பட்டது என்ற தற்செயலே பிறகு தகுதியாகத் தோற்றம் கொள்கிறது. 'அதிகம் இறக்கப்பட்டவை' என்று முகப்பில் பட்டியல் போடும் எந்தத் தளமும் இந்தத் தற்செயலுக்கு மகுடம் சூட்டுகிறது.

சரி, இறக்க எண்ணிக்கை வேண்டாம், விருப்பவாக்கு வைக்கலாம் என்றால் வேறு தொல்லை. ஐந்து நண்பர்கள் வாக்களித்த கோப்பு நூற்றுக்கு நூறு என்று உச்சியில் ஏறும். நூறு பேரில் தொண்ணூறு பேர் விரும்பியது அதற்குக் கீழே நிற்கும். இதற்கு எட்வின் வில்சன் என்ற அமெரிக்கப் புள்ளியியலாளர் 1927இலேயே வழி தந்துவிட்டார். கிடைத்த விகிதத்தை அப்படியே நம்பாமல், வாக்குகள் எவ்வளவு குறைவோ அவ்வளவு சந்தேகத்தைக் கழித்துக்கொண்டு, குறைந்தபட்சம் இவ்வளவாவது இருக்கும் என்ற எல்லையைக் கணக்கிடுவது. 95 சதவீத நம்பகத்தில், ஐந்துக்கு ஐந்து வாங்கிய கோப்பின் கீழெல்லை ஏறத்தாழ 57 சதவீதம். நூற்றுக்குத் தொண்ணூறு வாங்கியதன் கீழெல்லை 83. வரிசை நிமிர்ந்துவிடுகிறது. ரெட்டிட் தளம் 2009இல் தன் பின்னூட்டங்களை அடுக்க இந்தச் சூத்திரத்தை எடுத்துக்கொண்டது. பத்து வரி நிரலில் எழுதிவிடலாம்.

வில்சன் சூத்திரம் தவறான புகழைத் தடுக்கும். ஆனால் புதியவரைக் கைதூக்கிவிடாது. வாக்கே விழாதவர் கீழேயே கிடப்பார். கீழே கிடப்பதால் வாக்கு விழாது. அது மட்டுமல்ல, அந்த எண்ணை வைத்தே பணமும் பிரியும் என்றால், போலிக் கணக்குகளும் வாக்குப் பரிமாற்றமும் மறுநாளே தொடங்கும். அளவுகோலையே இலக்காக்கினால் அளவுகோல் கெட்டுவிடும் என்ற பொருளில் பொருளாதார அறிஞர் சார்லஸ் குட்ஹார்ட் 1975இல் நாணயக் கொள்கை பற்றிச் சொன்னது இங்கும் பொருந்தும். என் முடிவை இங்கேயே சொல்லிவிடுகிறேன்: வரிசைப்படுத்தும் எண்ணும் பணம் பிரிக்கும் எண்ணும் ஒன்றாக இருக்கக் கூடாது.

அப்படியானால் தளத்தின் முகப்பில் யாரை வைப்பது? இதற்கு நல்ல முன்மாதிரி தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு தாண்டிப் போனால் கல்லில் இருக்கிறது. உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில், பத்தாம் நூற்றாண்டில் முதலாம் பராந்தகன் காலத்தில் வெட்டிய கல்வெட்டு, வாரியங்களுக்கு ஆள் தேர்ந்தெடுத்த குடவோலை முறையை விரிவாகச் சொல்கிறது. ஊர் குடும்பு எனப்படும் முப்பது பகுதிகளாகப் பிரிந்திருந்தது. தகுதி உள்ளவர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டு, ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்தார்கள். முந்தைய மூன்றாண்டுகளில் வாரியத்தில் இருந்தவர் பெயர் குடத்துக்குள் போகாது. பதவியில் இருந்து கணக்குக் காட்டாதவருக்கும் இடமில்லை, அவர் உறவினருக்கும் இடமில்லை. அது நிலமுள்ள அந்தண ஆண்களுக்கு மட்டுமான சபை, எல்லோருக்கும் திறந்திருக்கவில்லை. அந்தக் குறையை மறைத்துப் பெருமை பேச வேண்டியதில்லை. ஆனால் தகுதிக்கு ஒரு வாசல், வாசலைத் தாண்டியவர்களுக்குள் சீட்டு, வென்றவருக்கு ஓய்வு, கணக்குக் காட்டாதவருக்குத் தடை என்று நான்கையும் ஒரே முறையில் கோத்த அறிவு வியக்கத்தக்கது.

மாட் களஞ்சியத்துக்கு இது அப்படியே பொருந்துகிறது. கோப்பு திறக்கிறதா, விளையாட்டு முடங்காமல் ஓடுகிறதா, மூலம் யாருடையது என்று சொல்லியிருக்கிறதா என்பவை வாசலில் பார்க்க வேண்டியவை. வாக்கு விழுந்த கோப்புகளுக்கு வில்சன் எல்லை ஒன்றையும் சேர்த்துக்கொள்ளலாம். வாக்கு விழாதவற்றை அதைக் காட்டி வெளியே நிறுத்தக் கூடாது. வாசலைத் தாண்டியவை எல்லாம் குடத்துக்குள். தினமும் முகப்பின் பத்து இடங்களுக்குச் சீட்டு எடுக்கட்டும். ஒருமுறை முகப்புக்கு வந்த கோப்பு சில வாரம் ஓய்வெடுக்கட்டும். பெயர் சொல்லித் தேடுபவர் எப்போதும்போல் தேடி எடுத்துக்கொள்வார். சீட்டு, எதைத் தேடுவதென்று தெரியாமல் வருபவரின் கண்களுக்குத்தான். மறுபதிவேற்றப் புகார்களையும் செய்பவர்களிலிருந்தே சீட்டெடுத்த சிறு குழு விசாரிக்கலாம். அதே குழு திரும்பத் திரும்ப உட்காரக் கூடாது.

பணத்துக்கு வேறு வழி. இந்த இடத்தில் நமக்கு மேல்நாட்டாருக்கு இல்லாத ஒரு வசதி இருக்கிறது. அங்கே சிறுதொகை அனுப்பினால் பரிவர்த்தனைக் கட்டணமே பெரும்பகுதியைத் தின்றுவிடும். யு.பி.ஐ. 2016இல் வந்தது, 2020 ஜனவரி முதல் வணிகர் கட்டணமும் இல்லை. பத்து ரூபாய் அனுப்பினால் பத்து ரூபாயும் போய்ச் சேர்கிறது. ஆகவே உறுப்பினர் பணம் அவர் இறக்கிய கோப்புகளுக்கே பிரியும் முறை இங்கே நடைமுறைக்கு எளிது. கோப்பைப் பதிவேற்றும்போதே அடிச்சட்டம் யாருடையது, முகப்பு யாருடையது, லிவரி யாருடையது என்று பங்கு எழுதிவிட வேண்டும். வரும் தொகை அந்தப் பங்குப்படி கீழ்வரை இறங்க வேண்டும். பங்கு எவ்வளவு என்பதைத் தளம் விதிக்க வேண்டாம், செய்தவர்கள் பேசித் தீர்க்கட்டும். ஆனால் எழுதாமல் பதிவேற்ற முடியாது என்பது விதியாக இருக்கட்டும். பதினெட்டு வயதுக்குக் கீழுள்ளவர் பங்கு பெற்றோர் கணக்குக்குப் போகட்டும்.

இப்படி ஒரு கூட்டுமுயற்சி நம் பக்கத்தில் நிற்குமா என்று ஐயப்படுபவர்களுக்குக் கணியத்தைக் காட்டுவேன். கட்டற்ற மென்பொருள் பற்றித் தமிழில் எழுத 2012இல் தொடங்கிய இதழ் அது. கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் மின்னூல்களை இலவசமாகத் தரும் ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் திட்டமும் அதே தன்னார்வலர் வட்டத்தில் வளர்ந்தது. கணியம் அறக்கட்டளை நன்கொடைக்காக அறிவித்திருக்கும் கணக்கு மேற்கு தாம்பரம் யூனியன் வங்கிக் கிளையில் இருக்கிறது. என்ன வேலை நடந்தது, எவ்வளவு வந்தது, எவ்வளவு செலவானது என்று அறிக்கை வெளியிடும் வழக்கம் அவர்களுடையது. யாருடைய ஆக்கம், எந்த உரிமத்தில் என்பது நூலிலேயே இருக்கும். பெயரை அழித்துவிட்டு மறுபதிவு செய்ய உரிமம் இடம் தராது. பஸ்ஸிட் பிள்ளைகளுக்கு இல்லாதவை இந்த இரண்டும்தான்: எழுதிய உரிமம், திறந்த கணக்கு.

நிலைத்த இடம் இல்லாததன் விலையையும் சொல்ல வேண்டும். இலவசச் சேமிப்பகங்களில் வைத்த கோப்புகள் யாரும் தொடாமல் இருந்தால் நீங்கிவிடும். சேனல் முடங்கினால் இணைப்பெல்லாம் போய்விடும். நெக்சஸ் 2021இல் கோப்புகளை முழுதாக அழிக்க விடமாட்டோம், காப்பகத்தில் வைப்போம் என்று அறிவித்தபோது பலர் கொதித்தார்கள். வேண்டாதவர்கள் விலகிக்கொள்ள ஒரு மாதம் தவணை கொடுத்தார்கள். செய்தவர் உரிமை, பயன்படுத்துபவர் நம்பிக்கை இரண்டுக்கும் இடையிலான அந்த வழக்கு இன்னும் தீரவில்லை. 2025இல் ராபின் ஸ்காட் தளத்தையே வேறு நிறுவனத்திடம் ஒப்படைத்தார். ஒருவர் கட்டிய வீட்டில் ஆயிரம் பேர் பொருளை வைத்திருந்தால், வீடு கைமாறும்போது அந்த ஆயிரம் பேரிடமும் யாரும் கேட்பதில்லை.

குரோம்பேட்டையில் 1949இலிருந்து எம்.ஐ.டி. பொறியியல் கல்லூரி இருக்கிறது, கிழக்குத் தாம்பரத்தில் சென்னைக் கிறித்துவக் கல்லூரி இருக்கிறது. இரண்டிலும் கணினி படிப்பவர்களுக்கு ஆண்டுதோறும் செயல்திட்டம் தேவைப்படுகிறது. தமிழ்ப் பேருந்து மாட்களுக்கான ஒரு திறந்த களஞ்சியம், அதில் குடவோலை முறையில் சுழலும் முகப்பு, பங்கு எழுதினால்தான் திறக்கும் பதிவேற்றம், ஆளுக்கு ஆள் பிரியும் பத்து ரூபாய்க் கணக்கு ஆகியவை இறுதியாண்டு மாணவர் நால்வர் செய்து முடிக்கக்கூடிய வேலை. செய்பவர்கள் தொடங்கிய முதல் மாதத்திலிருந்தே வரவுசெலவை வெளியிடுங்கள். வந்தது ஐந்நூறு ரூபாயாக இருந்தாலும் வெளியிடுங்கள்.